வழிகள் வகுத்த நிலம்

நுழையும் முன்

ஊர் முதலில் தோன்றியதா, அவ்வூருக்குச் செல்லும் வழி முதலில் தோன்றியதா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடைகாண முயன்றவர்கள் புவியியலாளர்கள், பொருளியலாளர்கள், கணிதவியலாளர்கள் எனப் பலர். கால்வாய், இருப்புப்பாதை, துறைமுகம், நெடுஞ்சாலை ஆகியவை ஒரு நகரின் நிலத்தை எவ்வாறு பங்கிடுகின்றன என்பதனை வடசென்னையின் இருநூறு ஆண்டு வரலாற்றின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

தேரடியில் நின்று பார்த்தால்

திருவொற்றியூர்த் தேரடி மெட்ரோ நிலையத்தின் மேல்தளத்தில் நின்று நாற்புறமும் நோக்கினால் ஒரு நகரின் பல காலங்கள் ஒருங்கே தோன்றும். ஒருபுறம் தியாகராசர் திருக்கோயிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களும். அண்மையில் பட்டினத்தாரின் நினைவைத் தாங்கி நிற்கும் கடற்கரை. அதனையொட்டிச் சரக்குப்பெட்டக லாரிகள் ஊர்ந்து செல்லும் விரைவுச்சாலை. மேற்கே கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை. அதற்கும் அப்பால் பக்கிங்காம் கால்வாய். தொலைவில் மணலியின் ஆலைப் புகைபோக்கிகள்.

கோயில், கடல், சாலை, தண்டவாளம், கால்வாய் ஆகிய இவை தற்செயலாக ஓரிடத்தில் கூடியவை அல்ல. ஒவ்வொரு வழியும் தான் வந்தபோது நிலத்தின் ஒரு பகுதியைத் தனக்கெனப் பெற்றது. எஞ்சிய பகுதியின் பயனையும் மாற்றியது. உப்பளம் தொழிற்சாலையாயிற்று, தோப்பு குடியிருப்பாயிற்று, கடற்கரை கற்சுவராயிற்று. இம்மாற்றங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டா? உண்டெனில் அதனைக் கணக்கிட்டு முன்கூட்டியே அறிய இயலுமா? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் மையம்.

பழந்தமிழர் கண்ட நிலப்பங்கீடு

நிலத்திற்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பைத் திணைக்கோட்பாடாக வகுத்துக் கண்டவர்கள் தமிழர்கள். கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அதன் தொழில்கள். ஆயினும் நெய்தலில் விளைந்த உப்பு நெய்தலிலேயே நின்றுவிடவில்லை. உமணர்கள் அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றினர். உமணர் சென்ற தடமே பல ஊர்களை இணைத்த வணிகவழியாயிற்று.

சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினமும் இவ்வகையில் கருதத்தக்கது. கடலையொட்டிய மருவூர்ப்பாக்கத்தில் கடல்வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். உள்ளே அமைந்த பட்டினப்பாக்கத்தில் அரசனும் பெருவணிகரும் வாழ்ந்தனர். இவ்விரண்டிற்கும் இடையில் நாளங்காடி அமைந்திருந்தது. துறைக்கு அருகே சரக்கும் உழைப்பும், இரு பகுதியினரும் எளிதில் சென்றடையும் நடுவிடத்தில் சந்தை, சந்தடிக்கு அப்பால் செல்வர் மனைகள் என்னும் இவ்வமைப்பை இன்றைய நகரமைப்பு வல்லுநர் ‘நிலப்பயன்பாடு’ என்பர்.

கால்வாயும் தண்டவாளமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே எண்ணூர்வரை நீண்டிருந்த நிலம் பெரும்பாலும் மணல்மேடுகளும் தோப்புகளும் உப்பங்கழியும் உப்பளங்களுமாகவே இருந்தது. இடையிடையே மீனவர் குப்பங்களும் நெசவாளர் குடியிருப்புகளும் இருந்தன. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த சோசப் காலட், நெசவாளர்க்கென அமைத்த ‘காலட் பேட்டை’ மக்கள் வழக்கில் ‘காலடிப்பேட்டை’ ஆயிற்று. இன்று அது ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயர்.

இந்நிலத்தில் முதலில் வந்த பெருவழி நீர்வழியே. 1806 ஆம் ஆண்டு சென்னையிலிருந்து எண்ணூர்க் கழிவரை கால்வாய் வெட்டும் பணி தொடங்கியது. பின்னர் அது பழவேற்காடு நோக்கியும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சத்தின்போது, துயர்துடைப்புப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காம் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. எண்ணூர் உப்பும் வடக்கிலிருந்து வந்த விறகும் படகுகளில் நகரை அடைந்தன. படகு வந்து நின்ற துறைகளை ஒட்டி விறகுத்தொட்டிகளும் கிடங்குகளும் எழுந்தன. வழி நின்ற இடத்தில் தொழில் நின்றது.

அடுத்து வந்தது இருப்புப்பாதை. 1856 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடுவரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி ஓடியது. நாட்டின் முதல் நிலையங்களான பம்பாய், தாணே ஆகியவற்றின் பழைய கட்டடங்கள் இன்று இல்லை. எனவே, இராயபுரம் நிலையமே இந்தியாவில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய தொடர்வண்டி நிலையக் கட்டடம் என்னும் பெருமையைப் பெறுகிறது.

நிலையத்துக்கு இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு வணிகமே காரணம். கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்தில், இன்றைய ஜார்ஜ் டவுனில், வணிகர்கள் நிறைந்திருந்தனர். கப்பல்கள் நங்கூரமிடும் கடற்பகுதியும் அருகிலேயே இருந்தது. உள்நாட்டுப் பருத்தியும் தோலும் கப்பலேற வேண்டுமெனில் தண்டவாளம் கடலருகே முடிவதே முறை. தண்டவாளம் வந்தபின் கிடங்குகள் வந்தன. கிடங்குகளுக்குச் சுமைதூக்கும் தொழிலாளர் வந்தனர். தொழிலாளர்க்குக் குடியிருப்புகள் வந்தன. 1873 ஆம் ஆண்டு சென்ட்ரல் நிலையம் எழுந்து, காலப்போக்கில் பயணியர் போக்குவரத்து அங்கு மாறியபோது இராயபுரம் சரக்குக்குரிய இடமாயிற்று. ஒரே பகுதியின் தன்மையை ஒரு நிலையம் உருவாக்கியது. இன்னொரு நிலையம் மாற்றியது.

சுவரும் மணலும்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் அலைகளைக் கடந்து ஆள்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. 1861 ஆம் ஆண்டு கடலுக்குள் நீண்ட இரும்புத் துறைமேடை அமைந்தது. 1870களின் நடுவில் கடலுக்குள் இரு கற்சுவர்களை நீட்டித் துறைமுகம் அமைக்கும் பணி தொடங்கியது. பணி நிறைவுறும் தறுவாயில், 1881 ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன.

நமது கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் சில திங்கள்களில் மட்டும் அது தெற்கு நோக்கி நகர்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கே செல்கிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் இந்நகர்வுக்குக் குறுக்கே நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கி விரிந்தது. அதுவே உலகறிந்த மெரினா கடற்கரை. சுவருக்கு வடக்கே மணல் வரவு நின்றது. ஆனால் அலைகள் அள்ளிச்செல்வது நிற்கவில்லை. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் நிலத்தை அரித்தது. கரையோரக் குப்பங்கள் பலமுறை உள்வாங்கிக் குடியமர நேர்ந்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் சுவர்கள் எழுந்தன. கடலுக்குள் நீளும் ‘தூண்டில் வளைவுகள்’ அமைக்கப்பட்டன.

ஒரே சுவர் நகரின் ஒரு பகுதிக்கு உலாவும் மணற்பரப்பை அளித்தது. மறுபகுதியிடமிருந்து கட்டுமரம் ஏற்றி வைக்கும் கரையைப் பறித்தது. போக்குவரத்துக் கட்டமைப்பு நிலத்தின் பயனை மட்டுமன்றி நிலத்தையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தெரியுமா?

மெட்ரோ நிலையப் பெயர்கள் நிலப்பயன்பாட்டின் ஆவணங்கள். ‘சுங்கச்சாவடி’ என்பது முன்பு சாலையில் வரி வாங்கிய இடத்தை நினைவூட்டுகிறது. ‘வண்ணாரப்பேட்டை’ துணிகளை வெளுத்தவர்களின் குடியிருப்பையும், ‘விம்கோ நகர்’ தீப்பெட்டி செய்த நிறுவனத்தையும் சுட்டுகின்றன. தொழில் மாறினாலும் பெயர் அதனைக் காத்து நிற்கிறது.

ஆலைகள் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழிகளின் அருகே ஆலைகள் எழுந்தன. தெற்கே துறைமுகம், நடுவே வடதிசைச் செல்லும் இருப்புப்பாதை, இருபுறமும் விலை குறைந்த சமநிலம். இம்மூன்றும் கூடிய இடம் தொழில்முனைவோரை ஈர்த்தது. 1948 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் வாகனங்களை உருவாக்கியது. பின்னர் அது அசோக் லேலண்டு ஆயிற்று. 1955 ஆம் ஆண்டு என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிலைத் தொடங்கியது. 1969 இல் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1970 இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. கோயில் ஊராகவும் உப்பளமாகவும் இருந்த நிலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தொழில்நிலமாயிற்று.

மாதிரி என்பது யாது?

இத்தகைய மாற்றங்களை விளக்க அறிஞர்கள் ‘மாதிரிகளை’ உருவாக்குகின்றனர். மாதிரி என்பது உண்மையின் சுருக்கம். தேசப்படம் நிலமாகாது, ஆயினும் வழிகாட்டும். அதுபோலவே மாதிரியும் நகரமாகாது. ஆயினும் நகரின் போக்கை உணர்த்தும்.

1826 ஆம் ஆண்டு செருமானிய நிலக்கிழாரான வான் துய்னன் இத்துறையின் முதல் மாதிரியை வெளியிட்டார். சமவெளியின் நடுவே ஒரே ஒரு நகரம் இருப்பதாக அவர் கற்பனை செய்தார். விரைவில் கெடும் பாலும் காய்கறியும் நகரருகே விளையும். சுமந்துவர அரிதான விறகுக்குரிய காடு அடுத்து அமையும். தானியம் அதற்கு அப்பாலும், தானே நடந்துவரும் கால்நடை எல்லைப்புறத்திலும் அமையும். மண்ணின் வளம் ஒன்றாகவே இருப்பினும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவே நிலத்தின் பயனை முடிவு செய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. 1964 ஆம் ஆண்டு வில்லியம் அலோன்சோ இக்கருத்தை நகரத்துக்கு விரித்துரைத்தார். நகரின் ஒவ்வொரு மனைக்கும் பல பயன்கள் போட்டியிடுகின்றன. மிகுந்த வாடகை தரவல்ல பயன் அம்மனையைப் பெறுகிறது என்றார்.

இதனை ஒரு கணக்கால் காண்போம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் கொண்டவை. அளந்து பெற்றவை அல்ல. ஒரு சந்திப்பில் ஒரு மனைக்குக் கடை 100 அலகு வாடகை தரும். வீடு 60 அலகு தரும். கிடங்கு 40 அலகு தரும். சந்திப்பிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் விலகும்போதும் கடை தரும் வாடகை 40 அலகும், வீடு தருவது 10 அலகும், கிடங்கு தருவது 5 அலகும் குறைகின்றன. உப்பளம் எங்கிருப்பினும் 5 அலகே தரவல்லது.

முதல் 1.3 கிலோமீட்டர் வரை கடையே மிகுந்த வாடகை தருகிறது. அதற்கு அப்பால் 4 கிலோமீட்டர் வரை வீடு வெல்கிறது. 4 இலிருந்து 7 கிலோமீட்டர் வரை கிடங்கு வெல்கிறது. 7 கிலோமீட்டருக்கு அப்பால் கிடங்கு தரும் வாடகை 5 அலகுக்குக் கீழே சென்றுவிடுவதால் அங்கு உப்பளம் நிலைக்கிறது. கடைத்தெரு, குடியிருப்பு, கிடங்கு, உப்பளம் என்னும் வரிசை இவ்வாறு எவரும் கட்டளையிடாமலே அமைகிறது.

இப்போது கனரக வாகனங்களுக்கென ஓர் அகலச்சாலை போடப்படுகிறது எனக் கொள்வோம். கிடங்கின் போக்குவரத்துச் செலவு குறைகிறது. அதன் வாடகை கிலோமீட்டருக்கு 5 அலகுக்கு மாறாக 1 அலகு மட்டுமே குறைகிறது. கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தால் இரண்டு மாற்றங்கள் தெரிகின்றன. முதலாவது, 4 கிலோமீட்டரில் இருந்த குடியிருப்பின் எல்லை 2.2 கிலோமீட்டருக்குச் சுருங்குகிறது. வீடுகளுக்கு இடையே கிடங்குகள் புகுகின்றன. இரண்டாவது, 7 கிலோமீட்டரில் தொடங்கிய உப்பளம் 35 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளப்படுகிறது. உப்பளத்தை அகற்றுமாறு எவரும் ஆணையிடவில்லை. சாலை மட்டுமே போடப்பட்டது. வடசென்னையில் சரக்குப்பெட்டகத் தளங்கள் குடியிருப்புகளை ஒட்டி அமைந்திருப்பதன் காரணத்தை இவ்வெளிய கணக்கு உணர்த்துகிறது.

அணுகுதிறனும் சுழற்சியும்

1959 ஆம் ஆண்டு வால்டர் ஹான்சன் என்பவர் ‘அணுகுதிறன்’ என்னும் கருத்தை அளவிடத்தக்கதாக்கினார். ஓரிடத்திலிருந்து எத்தனை வாய்ப்புகளை எவ்வளவு எளிதில் அடையலாம் என்பதே அணுகுதிறன். வேலைவாய்ப்புகளின் எண்ணிக்கையைப் பயண நேரத்தால் வகுத்து, எல்லா இடங்களுக்கும் கூட்டினால் அதன் எளிய வடிவம் கிடைக்கும்.

திருவொற்றியூரில் வாழும் ஒருவருக்கு மூன்று வேலையிடங்கள் உள்ளன எனக் கொள்வோம். வண்ணாரப்பேட்டையில் 30,000 வேலைகள். பயணம் 30 நிமிடம். எண்ணூரில் 20,000 வேலைகள். பயணம் 20 நிமிடம். அண்ணாசாலையில் 1,20,000 வேலைகள். பயணம் 80 நிமிடம். இவையும் நாம் கொண்ட எண்களே. அணுகுதிறன் 1000 + 1000 + 1500 = 3500 ஆகும்.

2021 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் மெட்ரோ தடம் திறக்கப்பட்டது. அதனால் வண்ணாரப்பேட்டைக்கு 20 நிமிடமும் அண்ணாசாலைக்கு 40 நிமிடமும் போதும் எனக் கொண்டால், அணுகுதிறன் 1500 + 1000 + 3000 = 5500 ஆக உயர்கிறது. திருவொற்றியூர் மனைகளின் மதிப்பு உயர்வதற்கு இது காரணமாகும். ஆயினும் மற்றொன்றையும் நோக்க வேண்டும். முன்பு மொத்த அணுகுதிறனில் எண்ணூரின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 29, இப்போது 18. எண்ணூரில் ஒரு வேலைகூடக் குறையவில்லை; எனினும் திருவொற்றியூர் ஆலைத்தொழிலாளர் ஊர் என்னும் நிலையிலிருந்து, நகரின் நடுப்பகுதிக்குச் சென்று பணிபுரிவோர் ஊர் என்னும் நிலைக்கு மெல்ல நகரத் தொடங்குகிறது. வழி திரும்பிய திசையில் ஊரும் திரும்புகிறது.

1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்சுபர்க் நகருக்காக ஐரா லௌரி உருவாக்கிய மாதிரி இம்மாற்றத்தைச் சுழற்சியாகக் கண்டது. அடிப்படைத் தொழில் ஓரிடத்தில் அமைகிறது. தொழிலாளர் எளிதில் சென்றுவரத்தக்க இடங்களில் குடியேறுகின்றனர். அவர்களுக்கெனக் கடைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுகின்றன. அவற்றில் பணிபுரிவோரும் குடியேறுகின்றனர். மக்கள் பெருகச் சாலை நெரிகிறது. நெரிசலைத் தீர்க்கப் புதுச்சாலை வருகிறது. புதுச்சாலை மேலும் மக்களை ஈர்க்கிறது. எனவே, சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் நிலையாகத் தீர்ந்துவிடும் எனக் கருதுவது இச்சுழற்சியின் ஒரு பாதியை மட்டும் காண்பதாகும்.

துறைமுகம் வடக்கே நகர்தல்

1963 ஆம் ஆண்டு சேம்சு பேர்டு என்னும் ஆங்கிலேயப் புவியியலாளர் துறைமுகங்களுக்கென ஒரு மாதிரியை வகுத்தார். துறைமுகம் பழைய நகரின் அருகே பிறக்கிறது. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக ஆழமான நீரையும் அகன்ற நிலத்தையும் தேடி நகரைவிட்டு விலகுகிறது என்பது அதன் சாரம்.

சென்னையின் வரலாறு இதனோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. 1983 ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் தொடங்கியது. மூட்டையாகவும் பொதியாகவும் வந்த சரக்கு இரும்புப் பெட்டகத்துள் அடங்கியது. பெட்டகங்களை அடுக்கி வைக்கப் பரந்த வெளி தேவைப்பட்டது. நகரால் சூழப்பட்ட துறைமுகத்தில் அவ்வெளி இல்லாததால் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகளில் பெட்டகத் தளங்கள் பெருகின. துறைமுக வாயிலை நோக்கிய சாலையில் லாரிகளின் வரிசை நீண்டது.

2001 ஆம் ஆண்டு எண்ணூரில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவருவதே அதன் முதல் நோக்கம். 2014 இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. நிலக்கரித்தூசியாலும் இரும்புத்தாதுத் தூசியாலும் இராயபுரம் பகுதி மக்கள் துன்புற்ற நிலையில், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011 ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகம் அச்சரக்குகளைக் கையாள்வதை நிறுத்தியது. அவை எண்ணூருக்குச் சென்றன. இங்குப் பேர்டின் மாதிரிக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. துறைமுகத்தை நகர்த்துவன ஆழமும் அகலமும் மட்டுமல்ல. மக்களின் மூச்சுக்காக எழும் குரலும் அதனை நகர்த்தும். ஆயினும் இராயபுரத்தை விட்டு நீங்கிய தூசி மறைந்துவிடவில்லை. எண்ணூரும் ஓர் ஊரே என்பதை நாம் மறத்தலாகாது.

மாதிரி காணாதவை

எண்ணூர்க் கழிமுகத்தில் கொசத்தலையாறு கடலோடு கலக்கிறது. அங்குச் சேற்றுநிலமும் அலையாத்தித் தாவரங்களும் உப்பளங்களும் உள்ளன. மேலே நாம் கண்ட வாடகைக் கணக்கில் இந்நிலத்திற்கு மிகக் குறைந்த எண்ணே கிடைக்கும். எனவே, அது வெற்றுநிலமாகத் தோன்றும். சாலைக்கும் ஆலைக்கும் சாம்பல் கொட்டுவதற்கும் உரிய இடமாகத் தோன்றும்.

உண்மையில் அது வெற்றுநிலமன்று. பெருமழைக் காலத்தில் ஆற்றுவெள்ளம் பரவி இறங்கும் இடம் அது. இறாலும் மீனும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது. கையால் துழாவி இறால் பிடித்து வாழ்வோரின் வயல் அது. இப்பயன்கள் எவற்றிற்கும் வாடகை இல்லை; வாடகை இல்லாதது கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாதது இழக்கப்படும்போது இழப்பாகவும் தோன்றுவதில்லை. 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைவெள்ளத்தோடு எண்ணெய்க்கழிவு கழிமுகத்தில் பரவியபோது, படகும் வலையும் கருநிறம் பூண்டு மீனவர் தொழிலின்றி நின்றனர். அந்நீரின் மதிப்பு அன்று அனைவர்க்கும் புலப்பட்டது.

நிலத்தையும் நீரையும் பங்கிட வாடகைப் போட்டி ஒன்றே வழியுமன்று. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையைக் காலங்காலமாகப் பின்பற்றி வருகின்றனர். மீன்பிடிக்கும் இடங்கள் குலுக்கல்வழி முறைவைத்து உரிய குடும்பங்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடம் செல்வார். மிகுதியாகக் கொடுப்பவருக்கே இடம் என்னாமல், உரியவர் அனைவர்க்கும் முறை உண்டு என்னும் அறம் இதில் அடங்கியுள்ளது. இதுவும் ஒரு நிலப்பயன்பாட்டு மாதிரியே.

இதனால் கணித மாதிரிகள் பயனற்றவை எனக் கருதுதல் கூடாது. சாலை போட்டால் உப்பளம் நீங்கும் என்று முன்கூட்டியே உணர்த்தியது அக்கணக்கே. குறை கணக்கில் இல்லை. எவற்றை எண்ணுவது, எவற்றை விடுவது என நாம் செய்யும் தெரிவில் உள்ளது. வெள்ளம் தாங்கும் பயனுக்கு ஒரு மதிப்பு, தூசியால் வரும் நோய்க்கு ஒரு செலவு, கரையை இழக்கும் குப்பத்துக்கு ஓர் ஈடு என இவற்றையும் சேர்த்தால் அதே கணக்கு வேறு விடை தரும்.

வரைபடத்தில் நாமும் உள்ளோம்

1806 இல் கால்வாய், 1856 இல் தண்டவாளம், 1881 இல் புயலுக்குச் சிதைந்து மீண்டும் எழுந்த துறைமுகச் சுவர், 1983 இல் பெட்டக முனையம், 2001 இல் எண்ணூர்த் துறைமுகம், 2021 இல் மெட்ரோ என ஒவ்வொரு வழியும் ஒரு தலைமுறையின் முடிவு. அம்முடிவின் பயனையும் சுமையையும் அடுத்தடுத்த தலைமுறைகள் பெற்றன. மெரினாவில் மணலில் அமர்பவரும் காசிமேட்டில் கற்சுவரின்மேல் வலை உலர்த்துபவரும் ஒரே முடிவின் இரு பக்கங்களில் வாழ்கின்றனர்.

இனிப் போடப்படும் வழிகளும் அவ்வாறே நிலத்தை வகுக்கும். அவற்றுக்கான கணக்குகளைப் போடுபவர்களாக இன்றைய மாணவர்கள் நாளை அமரலாம். அப்போது தாளில் வெறுமையாகத் தெரியும் இடத்தில் கை வைக்குமுன், அங்கு நின்று ஒருமுறை பார்த்துவிட்டு வருதல் நல்லது. மாதிரியில் சுழியமாக எழுதப்பட்ட இடத்தில் ஒருவர் இறால் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் முதன்மைச் சாலை அல்லது தொடர்வண்டி நிலையம் அமைவதற்கு முன்பு அவ்விடம் எவ்வாறு இருந்தது என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பேருந்து நிறுத்தம் ஒன்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து சென்று, இருபுறமும் உள்ள கடை, வீடு, கிடங்கு, வெற்றிடம் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் வரைக. பாடத்தில் கண்ட வரிசை அதில் அமைந்துள்ளதா எனக் காண்க.

3. பாடத்தில் உள்ள வாடகைக் கணக்கில், வெள்ளம் தாங்கும் பயனுக்காக உப்பளத்தின் மதிப்பை 5 அலகிலிருந்து 30 அலகாக உயர்த்திக் கணக்கிடுக. அகலச்சாலை போடப்பட்ட பின்னர் உப்பளம் எத்தொலைவில் தொடங்கும்?

4. ‘ஒருவருக்கு அமையும் வழி மற்றொருவருக்குத் தடையாகலாம்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.